கொம்பாத்ரேயின் மணிக்கட்டு

எலுமிச்சை ஈரமாக இருக்கும்போது பறிக்கக் கூடாது. பனி காயாத பழத்தில் விரல் பட்டால், பட்ட இடம் பெட்டிக்குள் போய் அழுகும். அதனால் பறிப்பவர்கள் விடியும்போதே தோப்புக்கு வந்து, பனி காயும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கடலிலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் மதியம்வரை உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. வீட்டுக்குப் போகவும் கூடாது. போனவனுக்கு மறுநாள் வேலை இருக்காது.

எங்கள் ஊரான சாந்தா ருஃபினாவில் பேஸ்பால் வளர்ந்தது இந்தக் கூலியில்லாத நேரத்தில்தான். "மெக்சிகோக்காரர்களுக்கு நாங்கள் விளையாட்டைக் கொடுத்தோம்" என்று தோப்பு முதலாளிகளின் பத்திரிகை வருடம் தவறாமல் எழுதும். ஒன்றையும் கொடுக்கவில்லை. எங்கள் காலை நேரத்தைத் திருடினார்கள். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நாங்கள் பந்து வீசினோம், அவ்வளவுதான்.

லிப்ராதோ அர்விசு பழகியதும் அங்கேதான். பிறவியிலேயே நொட்டாங்கைக்காரன். அது சாத்தானின் கை என்று பயந்து அவன் அம்மா அந்த மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினாள். மெக்சிகோப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய தகரக் கூரைப் பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா அதே கையை நாற்காலியோடு கட்டிவிட்டு, வலது கையால் எழுது என்றாள். மூடநம்பிக்கையும் படிப்பும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின. எப்படியோ அந்தக் கை தப்பிப் பிழைத்தது.

அவனுக்குக் கேட்சர் நான். பந்து அடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, அவன் வீசுவதைப் பிடிக்கிறவன். பழகத் தொடங்கிய மாதத்திலேயே அவன் பந்து ஒன்று என் மூக்கைத் தட்டையாக்கிவிட்டது. அதிலிருந்து ஊருக்கு நான் சப்பை.

அவனிடம் வளைவுப் பந்து ஒன்று இருந்தது. அடிப்பவனுக்கு வெகுதூரம் தள்ளிப் போவதுபோல் கிளம்பும். விட்டுவிடலாம் என்று அவன் தோள் தளரும் நேரத்தில் உள்ளே திரும்பி, மட்டை பிடித்த கைகளுக்குக் கீழே நுழைந்து முழங்காலருகே இறங்கும். அந்த மாவட்டத்தில் அதை ஒழுங்காக அடித்தவர்கள் மிகக் குறைவு. பழக் கிடங்கின் மேலாளர் விட்கோம் அதைப் பார்த்துவிட்டு அவனைக் கிடங்கின் அணியில் சேர்த்துக்கொண்டார். அவன் பந்தைப் பிடிக்க வேறு ஆள் இல்லாததால் என்னையும் சேர்த்துக்கொண்டார். மற்றவர்கள் வெள்ளைக்காரர்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் சோடாக் கடைக்கு உள்ளே போவார்கள். நாங்கள் வாசலில் நின்று குடிப்போம். ஜெயித்துக் கொடுத்தவன் வாசலில் நிற்பதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. பல வருடங்கள் நாங்களும் நினைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருவது அதுதான்.

ஆற்றுக்கு அக்கரையில் லா நோரியா. அங்கே அணி முழுக்க எங்கள் ஆட்கள். அவர்களில் கொர்னேலியோ புஸ்தியோஸ் அடித்தால் பந்து தோப்புக்குள் போய்த்தான் விழும். சின்ன வயதில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக வாதுமை பொறுக்கியவர்கள். லிப்ராதோவும் அவனும் பேசுவதைக் கேட்டால் அடுத்த நிமிடம் குத்துச்சண்டை என்று தோன்றும்.

"டேய் நொட்டை, பையன் பொறந்திருக்கான். நீதான் ஞானத் தகப்பன். மாட்டேன்னு சொன்னா பல்லை உடைப்பேன்."

"உன் மூஞ்சி மாதிரி இருந்தா நான் தூக்க மாட்டேன்டா."

"அவங்கம்மா மாதிரி இருக்கான். பயப்படாம வா."

"சீசன் நடுவுல எதுக்குடா இது? ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அவனை எதிர்த்துப் பந்து போடணும் நீ" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"சப்பை, உன்னைக் கேட்டா பையன் பொறந்தான்?" என்றான் கொர்னேலியோ.

ஞானஸ்நானம் நடந்தது. எங்களில் பிள்ளையின் தகப்பனும் ஞானத் தகப்பனும் அன்றிலிருந்து ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிட வேண்டும். 'டா' போய்விடும், கெட்ட வார்த்தை போய்விடும். கை ஓங்குவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். எனக்கு அந்தத் தண்ணீரிலோ பாதிரியாரின் லத்தீனிலோ நம்பிக்கை இல்லை. தண்ணீர் தண்ணீர்தான். ஆனால் இரண்டு பேர் ஊருக்கு முன்னால் நின்று 'உன் பிள்ளை என் பிள்ளை' என்று சொன்னால் அது சொன்னதுதான். கேட்டுக்கொண்டு நின்றது நாங்கள். சாமி கேட்டதா என்பது வேறு விஷயம்.

அடுத்த ஆட்டத்தில் லிப்ராதோவின் வளைவு கொஞ்சம் அதிகமாகத் திரும்பி கொர்னேலியோவின் சட்டையை உரசிப் போனது. லிப்ராதோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பந்து வீசும் மேட்டிலிருந்து ஓடி வந்தான்.

"மன்னிச்சுக்கோங்க கொம்பாத்ரே. பட்டுடுச்சா?"

"இல்லைங்க கொம்பாத்ரே, சட்டைதான். நீங்க போய் வீசுங்க."

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம். பையன்தான் தூங்கவே விட மாட்டேங்கிறான்."

"சம்பந்தம் பேசி முடிஞ்சுதாய்யா? ஆட்டத்தை ஆரம்பிங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்த, மைதானமே சிரித்தது. நிழல் கொட்டகையில் உட்கார்ந்திருந்த விட்கோம் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த கங்காணி புருயிட்டிடம், அது என்ன வழக்கம் என்று விசாரித்துக்கொண்டார்.

அந்தக் கோடையில்தான் கொர்னேலியோ வேலை நிறுத்தத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கினான். பனி காயக் காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி வேண்டும். கோரிக்கை அவ்வளவுதான். லா நோரியாவோடு சாந்தா ருஃபினாவும் சேர்ந்தால் இரண்டு கிடங்குகளுக்கும் பழம் போகாது. ஒரு திங்கட்கிழமை மாலை ஆற்று மணலில் இரண்டு ஊருக்கும் பொதுவாகக் கூட்டம் என்று முடிவானது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை விட்கோம் லிப்ராதோவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

மறுநாள் காலை ஈரத் தோப்பில் உட்கார்ந்திருந்தபோது அவன் என்னிடம் சொன்னான். கையில் பழம் அளக்கும் இரும்பு வளையம் இருந்தது. அதை விரலில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

"ஞாயித்துக்கிழமை கடற்கரை லீக்லேர்ந்து ஆள் வராராம்டா. என்னைப் பார்க்க. பிடிச்சா சம்பளத்துக்கு ஆட ஒப்பந்தமாம்."

"அட, அதுக்கு ஏன்டா இழவு வீட்டு மூஞ்சி?"

"அன்னிக்குக் கொம்பாத்ரே கையில பந்து படணுமாம்."

எனக்கு முதலில் புரியவில்லை. விட்கோம் சொன்னதை அவன் அப்படியே சொன்னான். அவர் அவனை எப்போதும் 'லீ' என்றுதான் கூப்பிடுவார். முழுப் பெயரைச் சொல்ல அவருக்குச் சோம்பல். 'லீ, பந்து சில நேரம் கை நழுவும். யாரும் கேள்வி கேட்கப் போறதில்லை.' எங்கே சார் என்று இவன் கேட்டிருக்கிறான். 'கையில. தலை வேண்டாம். நாம காட்டுமிராண்டிங்க இல்லை.'

அதிலிருந்த கணக்கு எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கை ஒடிந்தவன் பறிக்க முடியாது. பறிக்காதவனுக்குக் கிடங்கு கொடுத்த வீடு இல்லை. வீடு இல்லாதவன் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். சட்டத்துக்கு அங்கே வேலையே கிடையாது. அடித்தது வெள்ளைக்காரனாக இருந்தால் இரண்டு ஊரும் ஒன்றாகும். கொம்பாத்ரேயே அடித்தால் லா நோரியாவும் சாந்தா ருஃபினாவும் இருபது வருடத்துக்கு ஒன்றோடொன்று பேசாது.

"நீ என்னடா சொன்ன?"

"எஸ் சார்னேன்."

"நாசமாப் போச்சு. ஏன்டா?"

"வாயிலேர்ந்து வந்துடுச்சுடா. உட்காருன்னான், எஸ் சார். வீடு ஒழுகாம இருக்கான்னான், எஸ் சார். அதே வேகத்துல இதுவும் போயிடுச்சு."

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பெரியவன் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அந்த மரியாதை யாருக்குப் பயன்படுகிறது என்று பார்த்தவர்கள் குறைவு.

"காய்ச்சல்னு படுத்துடு" என்றேன்.

"படுத்தா கெஸ்லர் வீசுவான். அவனுக்குக் கையும் ஒண்ணு, மண்டையும் ஒண்ணு." கெஸ்லர் எங்கள் அணியின் இன்னொரு பந்து வீச்சாளன். பந்தை எறிவான், எங்கே போகிறது என்று கவலைப்பட மாட்டான்.

"அப்ப கொர்னேலியோகிட்ட சொல்லிடுவோம்."

"சொன்னா? வராம இருப்பாருங்கிறியா? வேணும்னே அடிப்பலகை மேலயே ஏறி நிப்பாரு. லா நோரியா மொத்தமும் கட்டையோட வரும். ஷெரிஃப் ஆளுங்க அதுக்குத்தானே நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் காத்திருக்கானுங்க."

அதிலும் நியாயம் இருந்தது. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒன்று சொன்னான். "நான்தான் வீசணும். கொம்பாத்ரே வந்தா வளைவே போட மாட்டேன். எல்லாம் வெளியே வெளியே. அடிச்சாருன்னா அடிச்சுட்டுப் போகட்டும்."

"கடற்கரை லீக் ஆளு?"

வளையத்தை விரலிலிருந்து கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தான். பனி காய்ந்ததும் கங்காணி விசில் ஊதினான். நாங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு எழுந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போக வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி எர்லிந்தாவுக்கு அவன் எதையும் சொல்லியிருக்கவில்லை. சட்டைப் பொத்தானை அவனால் போட முடியவில்லை. அவளே வந்து போட்டுவிட்டாள்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இந்தக் கை தானே பொத்தான் போட்டுக்கிச்சே. கடற்கரை லீக்காரன் என்ன புலியா? சப்பை, நீயாவது தைரியம் சொல்லக் கூடாதா?"

"அவனுக்கு ஒண்ணும் இல்லைம்மா" என்றேன்.

மைதானத்தில் ஒருபக்கம் எங்கள் ஊர், மறுபக்கம் லா நோரியா. கயிறு கட்டிய நிழல் கொட்டகையில் விட்கோம், அவருக்குப் பக்கத்தில் வைக்கோல் தொப்பி போட்ட ஓர் அந்நியர். லா நோரியாப் பக்கம் கொர்னேலியோவின் மனைவி பொர்ஃபிரியா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஞானத் தகப்பனைப் பார்த்ததும் பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். லிப்ராதோவும் தொப்பியை ஆட்டினான்.

மற்றவர்களுக்கெல்லாம் அவன் வளைவு போட்டான். எனக்குத் தெரிந்து அதுபோல் அவன் அதற்கு முன்னால் வீசியதில்லை. பயம் அவன் கையை இறுக்கவில்லை, கூர்மையாக்கியது. வைக்கோல் தொப்பி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது. கொர்னேலியோ வந்ததும் வளைவு நின்றது. நேர்ப் பந்து, அடிப்பவன் காலருகே பதித்த பலகைக்கு வெளியே. அப்படிப்பட்ட பந்தை கொர்னேலியோ சும்மா விடுவானா? வலது பக்கக் கோட்டோரம் அடித்து இரண்டாம் தளம்வரை ஓடினான். அடுத்த முறையும் அதுபோலவே ஒரு நேர்ப் பந்து, அதையும் அடித்தான்.

"என்னங்க கொம்பாத்ரே, பையனுக்குப் பால் காசு குடுக்கிற மாதிரி அள்ளிக் குடுக்கிறீங்க?" என்று தளத்திலிருந்து கத்தினான்.

லிப்ராதோ சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

விட்கோம் கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு புருயிட்டைப் பார்த்தார். புருயிட் எழுந்து போய் கெஸ்லரிடம் ஏதோ சொன்னான். கெஸ்லர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஓரத்தில் மர வேலியைப் பார்த்து வீசிப் பழகத் தொடங்கினான். ஒவ்வொரு பந்தும் வேலியில் மோதும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. நான் பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் நடுவே அது கேட்டது.

ஆட்டம் முடியப்போகும் நேரம். எங்களுக்கு ஒரே ஓட்டம் அதிகம். அவர்களில் இரண்டு பேர் தளங்களில் நின்றார்கள். கொர்னேலியோ மூன்றாவது முறையாக மட்டையோடு வந்தான். புருயிட் மேட்டுக்கு நடந்து போனான். நானும் ஓடினேன்.

"ஐயா பார்த்துக்கிட்டே இருக்கார்" என்றான் புருயிட், வாயில் அடக்கியிருந்த புகையிலையைத் துப்பிவிட்டு. "இப்ப நீ போடு. இல்லைன்னா கெஸ்லர் வந்து போடுவான். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவன் திரும்பிப் போனான். லிப்ராதோ எங்கள் மொழியில் என்னிடம் அவசரமாகப் பேசினான். "அவுட் ஆக்கிடறேன்டா. இப்ப அவுட் ஆயிட்டா ஆட்டம் முடியறதுக்குள்ள அவருக்கு இன்னொரு முறை வராது. கெஸ்லருக்கும் வேலை இல்லை."

"எதை வெச்சு அவுட் ஆக்குவ?"

"வளைவை வெச்சுத்தான். நேர்ப் பந்தை அவர் தூங்கிக்கிட்டே அடிப்பாரு."

"அது கைக்குப் பக்கத்துல வரும்டா!"

"எனக்குத் தெரியாதா? கையுறையைக் கீழே வெச்சுக்க. முழங்காலுக்கும் கீழே. நான் உன் கையுறையை மட்டும்தான் பார்ப்பேன்."

நான் கையுறையை மண்ணைத் தொடும்படி வைத்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் பின்னால் ஊர் என்னென்னவோ சொன்னது. அங்கே உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். நான் எங்கே கையுறை வைத்தேன் என்பதும், லிப்ராதோவின் கண் எங்கே பார்த்தது என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் வளைவு. கொர்னேலியோ சுழற்றினான், காற்றைத்தான் அடித்தான். இரண்டாவதும் அப்படியே. லா நோரியாப் பக்கம் சத்தம் அடங்கியது. இன்னும் ஒன்று தவறவிட்டால் அவுட். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. லிப்ராதோ பந்தைச் சட்டையில் துடைத்தான், மறுபடி துடைத்தான், கையைக் காற்சட்டையில் தேய்த்தான். வியர்வை நிற்கவில்லை.

அவன் கையைச் சுழற்றத் தொடங்கிய பிறகுதான் கொர்னேலியோ ஒரு பாதம் பலகையை நோக்கி நகர்ந்தான். வளைவு திரும்புவதற்கு முன்பே அடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். நல்ல ஆட்டக்காரன் எவனும் செய்வதுதான். நான் கத்தினேன். என் குரல் போய்ச் சேருவதற்குள் பந்து கையை விட்டுவிட்டது. ஈர விரலில் அது சரியாகப் பிடிபடவில்லை. உள்ளே திரும்பியது, கீழே இறங்கவில்லை.

சத்தம் எனக்குத்தான் எல்லோருக்கும் முன்னால் கேட்டது.

கொர்னேலியோ மண்டியிட்டு இடது மணிக்கட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். லிப்ராதோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தான். "கொம்பாத்ரே, கொம்பாத்ரே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். கொர்னேலியோ தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். லா நோரியா ஆள் ஒருவன் லிப்ராதோவை மார்பில் பிடித்துத் தள்ளினான்.

"எவ்வளவுடா வாங்கின? நீயெல்லாம் ஒரு ஞானத் தகப்பனா?"

"எங்க ஆளைத் தொடாதே!" என்று எங்கள் ஊர்க்காரன் ஒருவன் பாய்ந்தான். அவ்வளவுதான். இரண்டு ஊரும் மைதானத்தில் கட்டிப் புரண்டன. விட்கோம் எழுந்துகூட நிற்கவில்லை. ஷெரிஃப் ஆட்கள் நிதானமாக நடந்து வந்து, லா நோரியாவில் அதிகம் பேசும் இளைஞர்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கொட்டகைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். வைக்கோல் தொப்பிக்காரர் வளைவை மெச்சினார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்றே நினைக்கிறேன். விட்கோம் ஒப்பந்தக் காகிதத்தை நீட்டினார்.

"நல்ல பையன் லீ. கையெழுத்துப் போடு."

"நான் வேணும்னு போடலை, சார்."

"தெரியும், தெரியும். அப்படித்தான் சொல்லணும்." அவர் கண்ணைச் சிமிட்டினார்.

லிப்ராதோ பேனாவைப் பார்த்தான். பிறகு நீச்சல் தெரியாதவன் தண்ணீரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். உண்மையைச் சொன்னாலும் அது இவர்களுக்குச் சாதகமான பொய்யாகிவிடும் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கொட்டகையை விட்டு இறங்கி ஆற்றுப் பக்கம் நடந்தான். நானும் பின்னால் போனேன். கூப்பிட்டார்கள், திரும்பவில்லை.

லா நோரியாவின் முதல் தெருவில் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை, வழி விட்டார்கள். அது இன்னும் பயமாக இருந்தது.

பொர்ஃபிரியா வாசற்படியில் நின்றாள். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து வழிவிட்டாள்.

"வாங்க கொம்பாத்ரே. உள்ளதான் இருக்காரு. இன்னொரு கை மிச்சமிருக்கு."

லிப்ராதோ அந்த இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டான். உள்ளே கொர்னேலியோ கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பழப்பெட்டியின் சட்டங்களை வைத்துக் கையைக் கட்டியிருந்தார்கள். கிடங்கு டாக்டர் ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோக்காரர்களைப் பார்ப்பதில்லையாம்.

லிப்ராதோ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அலுவலகம், கெஸ்லர், எஸ் சார், எதையும் விடவில்லை. கொர்னேலியோ குறுக்கே பேசாமல் கேட்டான்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை."

"சப்பைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"ஒடியப்போறது என் கை. எனக்கு மட்டும் ஒடிஞ்சப்புறம்."

இரண்டு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றோம்.

"வேணும்னு போட்டீங்களா?"

"இல்லைங்க கொம்பாத்ரே."

கொர்னேலியோ கட்டிய கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். "நம்பணும்னுதான் இருக்கு. வலிக்கிறப்ப நம்ப முடியலை. நான் பொய் சொல்ல விரும்பலை" என்றான். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னான்: "நாளைக்குக் கூட்டம் நடக்கும். விட்கோம் சொன்னதை அங்க வந்து சொல்லுங்க. எனக்காக இல்லை. இப்ப ரெண்டு ஊரும் சண்டை போட்டா அவன்தான் ஜெயிச்சான்."

மறுநாள் மாலை ஆற்று மணலில் இரண்டு ஊரும் தனித்தனியாகத்தான் நின்றன. நடுவில் இடைவெளி விட்டு நின்றார்கள். எர்லிந்தாவுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். லிப்ராதோ ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினான். ஆயிரம் பேர் பார்க்கப் பந்து வீசியவன், இருநூறு பேர் முன்னால் முணுமுணுத்தான்.

"சத்தமாச் சொல்லுய்யா!"

சொன்னான். விட்கோமின் வார்த்தைகளை அப்படியே சொன்னான்.

"எவ்வளவு குடுத்தான்?"

"ஒப்பந்தம் தரேன்னான். வாங்கலை."

"நீ சரின்னு சொன்னியா, இல்லையா?"

அதற்கு யாரும் சாட்சி இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"சொன்னேன்" என்றான்.

கூட்டம் கொந்தளித்தது. ஒருவன் மணலை அள்ளி அவன்மேல் வீசினான். அவன் பெட்டியை விட்டு இறங்கவில்லை. நான் ஏறி, கையுறை எங்கே இருந்தது என்று சொன்னேன். பாதிப் பேர் நம்பினார்கள். நம்பியவர்களை நம்ப வைத்தது என் சாட்சி இல்லை, அவன் மறைக்காமல் சொன்ன அந்த ஒரு வார்த்தை. பொய் சொல்ல வந்தவன் அதையல்லவா முதலில் மறைத்திருப்பான்? இருட்டுவதற்குள் நடுவிலிருந்த இடைவெளி கொஞ்சம் குறைந்தது. வேலை நிறுத்தத்துக்கு இரண்டு ஊரும் கை தூக்கின. அதில் லா நோரியாக்காரர்கள் காத்திருக்கும் நேரத்துக்கு அரைக் கூலி வாங்கினார்கள். சாந்தா ருஃபினாவில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கு எங்களுக்கு இன்னும் நான்கு வருடம் பிடித்தது.

அந்த வாரமே லிப்ராதோவை வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். கடற்கரை லீக்கிலிருந்து அப்புறம் எந்தப் பேச்சும் இல்லை. மாவட்டத்தில் எந்தக் கிடங்கும் அவனை அணிக்கு எடுக்கவில்லை, தோப்புக்கும் எடுக்கவில்லை. அவனும் எர்லிந்தாவும் லா நோரியா ஓரத்தில் கூடாரம் போட்டார்கள். கொர்னேலியோவின் வீடு போகாமல் இருக்க வேண்டுமானால் அவன் பெயரில் பெட்டிகள் நிறைய வேண்டும். ஆகவே வேலை நிறுத்தம் முடிந்ததும், பெட்டிக் கணக்குக்கான கொர்னேலியோவின் எண் வில்லையைச் சட்டையில் மாட்டிக்கொண்டு லிப்ராதோ அவன் பறிக்கும் தோப்புக்குப் போனான். அந்தக் கங்காணிக்கு எங்கள் முகங்களெல்லாம் ஒன்றுதான். ஒரு மாதத்துக்கும் மேல் அவனை கொர்னேலியோ என்றே கூப்பிட்டு, கொர்னேலியோ என்றே திட்டினான். வாழ்நாளில் வெள்ளைக்காரனின் அலட்சியம் எங்களுக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த பருவத்தில் லா நோரியா அணிக்காக அவன் பந்து வீசினான். நானும் கிடங்கு அணியை விட்டு அங்கே போயிருந்தேன். ஆனால் அவன் கொர்னேலியோவைப்போன்ற வலது கை ஆட்டக்காரர்களுக்கு வளைவு போட மறுத்தான். நேர்ப் பந்தை எல்லோரும் அடித்தார்கள். வரிசையாகத் தோற்றோம். எலும்பு கோணலாகக் கூடியதால் கொர்னேலியோ ஆடுவதில்லை, ஓரத்தில் நின்று பார்ப்பான். ஒருநாள் பயிற்சியின்போது அவன் மட்டையை எடுத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கோணல் மணிக்கட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டிப் பிடித்தான்.

"போடுங்க கொம்பாத்ரே."

"வேண்டாம்ங்க."

"நேர்ப் பந்தை எங்கம்மாகூட அடிப்பாங்க. வளைவு போடுங்க."

லிப்ராதோ வீசினான். பந்து எனக்கு எட்டாமல் எங்கேயோ போனது. இன்னொன்று மண்ணில் புதைந்தது. இன்னொன்று என் தோளில் பட்டது.

"போதுங்க கொம்பாத்ரே, என்னால முடியலை."

"நான் இங்கேதான் நிப்பேன். சாப்பாட்டுக்குக்கூடப் போக மாட்டேன். எனக்கென்ன, பறிக்கத்தான் நீங்க இருக்கீங்களே."

பொர்ஃபிரியா வேலியோரம் வந்து நின்றாள். நிறுத்து என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையுறையைத் தாழ்த்தி வைத்தேன்.

பந்து வெளியே போவதுபோல் கிளம்பியது, திரும்பியது, அந்தக் கோணல் கைக்குக் கீழே நுழைந்து இறங்கி என் கையுறையில் உட்கார்ந்தது. கொர்னேலியோ ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"ஸ்ட்ரைக்!" என்றேன். முழங்காலுக்குக் கீழே போகாத பந்துதான் அப்படிக் கணக்கில் சேரும்.

கொர்னேலியோ மட்டையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "எந்தக் கண்ணால பார்த்த சப்பை? முழங்காலுக்குக் கீழ போச்சு. அது ஸ்ட்ரைக்கா?"

"முழங்கால்ல போச்சுங்க கொம்பாத்ரே" என்றான் லிப்ராதோ மேட்டிலிருந்து.

"கீழேங்க."

"முழங்கால்லங்க."

இரண்டு பேரும் அடிப்பலகையில் வந்து நின்று, மண்ணில் கோடு கிழித்து, பொழுது சாயும்வரை அதைப் பற்றியே சண்டை போட்டார்கள்.